ஒரே பந்தியில் அமர்வோம்



கேரளத்தின் வடபகுதியில் உள்ள ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தை மனக்கண்ணில் காணுங்கள். விடுமுறை நாள், காலை நேரம். வாகனங்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்ட இளைஞரைத் தொண்டர்கள் சக்கர நாற்காலியில் இறக்குகிறார்கள். பக்கவாதத்தால் பல ஆண்டுகளாக ஒரே அறையில் படுத்திருந்த மூதாட்டியை இருவர் தாங்கி வருகின்றனர். புற்றுநோயுற்ற ஒருவர் தம் மனைவியின் தோளைப் பற்றி மெல்ல நடந்து வருகிறார். வாரந்தோறும் இவர்களுடைய இல்லம் தேடிச் சென்று புண்ணைத் துடைத்துக் கட்டும் செவிலியர், இன்று வாசலில் நின்று வரவேற்கிறார். பின்னர் பாட்டு, பேச்சு, சிரிப்பு. உச்சிப்பொழுதில் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்கிறார்கள்.

இது வெறும் கற்பனை அன்று. ‘குடும்ப சங்கமம்’ என்னும் பெயரில் அம்மாநிலத்தின் பல ஊர்களில் இத்தகைய ஒன்றுகூடல்கள் நடைபெற்று வருகின்றன. பேணுவோரும் பேணப்படுவோரும் ஒரே பந்தியில் அமரும் இவ்விழாவில் ஆழ்ந்த ஆன்மிக உண்மை ஒன்று பொதிந்துள்ளது. அதனை இன்று சிந்திப்போம்.

வீடு தேடிச் சென்ற மருத்துவம்

1993-ஆம் ஆண்டு கோழிக்கோட்டில், டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோரின் முயற்சியால், வலி தணிக்கும் ஆதரவுச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் தோன்றியது. நோயை நீக்க இயலாத நிலையிலும் வலியைத் தணிக்க இயலும். துணை நிற்க இயலும். இதுவே அவர்களுடைய அடிப்படை எண்ணம். ஆனால் விரைவிலேயே ஓர் உண்மை புலப்பட்டது. இச்சிகிச்சை யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களே மருத்துவமனைக்கு வர இயலாதவர்களாக இருந்தனர். எழுந்து அமரவும் வலுவற்றவர் பேருந்தில் ஏறி எவ்வாறு வருவார்? ஆகவே மருத்துவம் அவருடைய இல்லம் தேடிச் சென்றது.

அடுத்த சில ஆண்டுகளில், 2001 வாக்கில், ஊர்மக்களே இப்பணியைத் தோளில் ஏற்கும் அக்கம்பக்கத்தார் அமைப்புகள் மலப்புரம் முதலிய மாவட்டங்களில் உருவாயின. இல்லத்தரசிகள், மாணவர்கள், வணிகர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் முதலியோர் பயிற்சி பெற்றுத் தொண்டர்களாயினர். சிறுசிறு நன்கொடைகளே செலவுக்கு உதவின. 2008-ஆம் ஆண்டில் கேரள அரசு இப்பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கையை வகுத்தது. இந்திய மாநிலங்களில் அதுவே முதலாவது. செவிலியர் வீடுகளுக்குச் செல்லும் பணியில் ஊராட்சிகளும் பங்கேற்றன. ஜனவரி 15-ஆம் நாளை இப்பணிக்குரிய நாளாக அம்மாநிலம் கொண்டாடுகிறது.

மருந்தின் நான்கு அங்கங்கள்

பேணுவோரைப் பாராட்டுவது எளிதில் விளங்கும். பேணப்படுவோரையும் ஏன் பாராட்ட வேண்டும்? படுத்திருப்பவர் என்ன செய்துவிட்டார் என்று சிலர் எண்ணக்கூடும். நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறளில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர். நோயாளியை மருத்துவத்துக்குப் புறத்தே நிற்கும் பொருளாக அவர் கருதவில்லை. மருத்துவத்தின் ஓர் அங்கமாக, அதுவும் முதல் அங்கமாக வைக்கிறார்.

சரக சம்ஹிதையும், சூத்திர ஸ்தானத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில், இந்நான்கையும் சிகிச்சையின் நான்கு கால்களாகக் கூறி, ஒவ்வொன்றுக்கும் நான்கு குணங்களை வகுக்கிறது. பேணுபவருக்கு வேண்டியவை பணிவிடை பற்றிய அறிவு, செயல்திறன், அன்பு, தூய்மை. நோயாளிக்கு வேண்டியவை நினைவாற்றல், சொன்னபடி நடத்தல், அஞ்சாமை, தம் உடல்நிலையை உள்ளபடி எடுத்துரைத்தல். நோயுற்றவருக்கும் ஒரு தருமம் உண்டு என்பதன்றோ இதன் பொருள்? வலியில் கிடந்தும் நம்பிக்கை இழவாமல், மறைக்காமல் உண்மை உரைத்து, கசந்த மருந்தையும் ஏற்கும் ஒருவர் வாளாவிருக்கவில்லை. தம் கடமையை ஆற்றிக்கொண்டிருக்கிறார்.

தொண்டில் நுழையும் கள்வன்

தொண்டு புரிபவரின் உள்ளத்தில் ஓசையின்றி நுழையும் கள்வன் ஒருவன் உண்டு. ‘நான் இல்லாவிடில் இவர் கதி என்ன?’ என்பதே அவனுடைய குரல். கை நோயாளியைத் துடைக்கிறது. உள்ளமோ தன்னையே வழிபட்டுக்கொண்டிருக்கிறது. இந்த அகந்தை வளர்ந்தால் குரலில் கடுமை ஏறும்; “எத்தனை முறை சொல்வது?” என்று நாக்கு சுடும். உணவு வேளைக்கு வந்துவிடும். ஆனால் உண்பவரின் தொண்டையில் இறங்காது.

பகவத் கீதை பதினேழாம் அத்தியாயத்தில் தானத்தை மூவகையாகப் பிரிக்கிறது. இகழ்ச்சியோடும் மரியாதையின்றியும் தரப்படுவது தாமச தானம். தைத்திரீய உபநிஷதமோ, நம்பிக்கையோடு கொடுக்க வேண்டும், நாணத்தோடு கொடுக்க வேண்டும், அச்சத்தோடும் கொடுக்க வேண்டும் என்று அறிவுறுத்துகிறது. கொடுப்பவன் ஏன் நாணவும் அஞ்சவும் வேண்டும்? தான் கொடுப்பது சிறிது. எதிரே உள்ளவரிடம் உறையும் அந்தர்யாமியோ பெரியவன். இந்த உணர்வு எழுந்தால் தலை தானே தாழும்.

சேவாகிராமத்தில் 1939-ஆம் ஆண்டு தொழுநோயுற்ற ஒருவர் மகாத்மா காந்தியிடம் அடைக்கலம் வேண்டி வந்தார். அவர் பர்ச்சுரே சாஸ்திரி என்னும் சமஸ்கிருத அறிஞர். தொழுநோயாளிகளை ஊருக்குப் புறத்தே ஒதுக்கிய காலம் அது. காந்தியடிகள் அவரை ஆசிரமத்திலேயே தங்கவைத்தார். தம் கையாலேயே அவருடைய உடலைப் பிடித்துவிட்டார். நாட்டின் தலைவர்கள் காந்தியடிகளைக் காண வந்து காத்திருந்த நாட்களிலும் அப்பணிவிடைக்கு நேரம் இருந்தது. ஒதுக்கப்பட்ட உடலைத் தொடுவது அவருக்குப் பிறர்மீது காட்டும் இரக்கமாகத் தோன்றவில்லை. தம் அன்றாடச் சாதனையின் பகுதியாகவே இருந்தது.

பெறுபவரும் கொடுக்கிறார்

நீண்ட நாள் படுக்கையில் இருப்போரை நோயைக் காட்டிலும் மிகுதியாக வருத்தும் எண்ணம் ஒன்று உண்டு. ‘நான் எல்லோருக்கும் பாரமாகிவிட்டேன்’ என்பதே அது. இவ்வெண்ணத்தால் தாகம் எடுத்தும் தண்ணீர் கேளாதவர் உண்டு. வலித்தும் வாய் திறவாதவர் உண்டு. அத்தகையோருக்குச் சொல்ல வேண்டியது என்ன?

இலண்டன் நகரில் 1948-ஆம் ஆண்டு டேவிட் டாஸ்மா என்னும் போலந்து நாட்டு யூதர் ஒருவர் புற்றுநோயால் இறந்தார். உற்றார் எவரும் அருகில் இல்லை. செவிலியராக இருந்து பின்னர் மருத்துவ சமூகப் பணியாளரான சிசிலி சாண்டர்ஸ் அவரை அடிக்கடி சென்று கண்டு பேசிவந்தார். இறுதிக்காலத்தில் இருப்போர் அமைதியாக வாழ்ந்து விடைபெற ஓர் இல்லம் வேண்டும் என்னும் எண்ணம் அவ்வுரையாடல்களில் முளைத்தது. டாஸ்மா 500 பவுன் பணத்தை அவருக்கு விட்டுச் சென்றார். என்றேனும் எழப்போகும் அந்த இல்லத்தில் தாம் ஒரு சாளரமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. சாண்டர்ஸ் அதன்பின் மருத்துவமும் பயின்றார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப்பின், 1967-இல், புனித கிறிஸ்டோபர் இல்லம் திறக்கப்பட்டது. உலகெங்கும் பரவிய நவீன ஆதரவுச் சிகிச்சைக்கு அதுவே முன்மாதிரியாயிற்று. கோழிக்கோட்டில் எரியும் விளக்குக்கும் திரி அங்கிருந்து வந்ததே.

எண்ணிப் பாருங்கள். அவ்விருவரில் கொடுத்தவர் யார்? பெற்றவர் யார்? நாதியற்றவராகப் படுத்திருந்த ஒருவர் கொடுத்த சாளரத்தின் வழியே அல்லவா எண்ணற்ற நோயாளிகளின் அறைகளில் வெளிச்சம் புகுந்தது?

பணம் மட்டுமே கொடை அன்று. தம் உடலைப் பிறர் கையில் ஒப்படைப்பது பெரும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஒரு கொடை. குளிப்பாட்ட வந்தவரிடம் “நீ சாப்பிட்டாயா, அம்மா?” என்று கேட்கும் ஒரு சொல் கொடை. பேணுபவருக்குப் பொறுமை கற்பிப்பதும் கொடையே. தேவர்களும் மனிதரும் ஒருவரையொருவர் வளர்த்து உயர்வடைக என்று கீதையின் மூன்றாம் அத்தியாயம் வேள்வியின் தத்துவத்தை விளக்குகிறது. நோயாளியின் கட்டிலருகே நிகழ்வதும் அத்தகைய வேள்வியே. அங்கே அவி சொரிபவர் ஒருவர் மட்டும் அல்லர்.

ஊதியம் பெறுவதால் தொண்டு குறைவுபடுமா?

இன்று நம் நகரங்களில் முதியோரைப் பேண, நிறுவனங்களின் வாயிலாகப் பணியாளர்கள் வீட்டுக்கு வருகின்றனர். பலர் எளிய குடும்பத்துப் பெண்கள். தம் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு, நம் தாய்க்குச் சோறூட்ட வருகிறார்கள். அவர்களை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? இவ்விடத்தில் ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சில வீடுகளில் அவர்களுக்கெனத் தனித் தம்ளர் ஒதுக்கப்படுகிறது. பெயர் சொல்லி அழைப்பதற்கும் மனமில்லை. இரவெல்லாம் விழித்திருந்தவருக்குப் பகலில் கண்ணயர இடமில்லை. ‘பணம் கொடுக்கிறோமே’ என்பது நாம் கூறும் சமாதானம். அன்பர்களே, அவருடைய நேரத்துக்கு நாம் விலை தரலாம். பெற்ற மகனே அருவருத்து விலகும்போது மலத்தைத் துடைக்கும் அந்தக் கைக்கு எந்தப் பணத்தால் விலை தர இயலும்? நம் தந்தையைத் தொடும் கை நமக்குத் தீட்டாகுமானால், நம் பூஜையறையில் உள்ள தெய்வம் நம்மைப் பார்த்து என்ன எண்ணும்?

பணியாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நீங்கள் ஊதியம் பெறுவதால் உங்கள் தொண்டின் மாண்பு குறைவதில்லை. மனம் ஒன்றாதபோதுதான் குறைகிறது. நோயாளி பொருள் அல்லர். அவருக்கும் நாணம் உண்டு. உடை மாற்றுமுன் கதவைச் சாத்துங்கள். புரட்டிப் படுக்கவைக்குமுன் “இப்போது திருப்பட்டுமா, ஐயா?” என்று கேளுங்கள். அந்த ஒரு வினாவில் அவருடைய கௌரவம் முழுவதும் அவரிடம் திரும்பி வந்துவிடும்.

இவ்விருவருக்கும் இடையே நாம் மறந்துவிடும் ஒருவரும் உண்டு. அவர் வீட்டிலேயே இருந்து பேணும் மனைவி, மருமகள், அல்லது மகள். அவருக்கு ஊதியமும் இல்லை, விடுமுறையும் இல்லை, மாலையும் இல்லை. விழா எடுப்பின் முதல் மாலை அவருக்கே உரியது.

நாம் செய்யக்கூடியது

பெரிய அமைப்பு இல்லையே என்று தயங்க வேண்டா. நம் சத்சங்கம் கூடும் ஊரில் ஆண்டுக்கு ஒருநாளேனும் இத்தகைய ஒன்றுகூடலை நடத்தலாம். படுக்கையில் உள்ளோரை உரிய துணையோடு அழைத்து வரலாம். வர இயலாதோரின் இல்லத்துக்குப் பிரசாதத்தோடு நாமே செல்லலாம். மேடையில் நமக்குப் பொன்னாடை வேண்டா. நோயுற்றவர் பாட விரும்பினால் பாடட்டும். கதை சொல்ல விரும்பினால் சொல்லட்டும். கேரளத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தோர் பலர் குடைகளும் காகிதப் பேனாக்களும் செய்கின்றனர். அத்தகைய கைவினைப் பொருட்களை இரக்கத்தால் அன்றி, அவற்றின் தரத்துக்காகவே வாங்கலாம். நோயாளியின் கையாலேயே செவிலியருக்கு ஒரு மலரும், செவிலியரின் கையால் நோயாளிக்கு ஒரு மலரும் வழங்கச் செய்யலாம்.

அதற்கும் முன்பாக, இந்த வாரமே செய்யத்தக்கது ஒன்று உண்டு. உங்கள் தெருவில் நோயாளியைப் பேணும் வீடு ஒன்று இருக்கும். ஒரு மாலை இரண்டு மணி நேரம் நீங்கள் அவரருகே அமருங்கள். பேணுபவர் கோயிலுக்குச் சென்று வரட்டும், அல்லது நிம்மதியாக உறங்கட்டும். நீங்கள் அங்கே அமர்ந்திருப்பதும் கோயிலில்தான்.

இன்று பேணுபவர் நாளை பேணப்படுபவர் ஆவார். இந்த உடலுக்கு அதுவே இயல்பு. பிறந்த நாளில் நம்மைத் துடைத்து எடுத்த கை ஒன்று இருந்தது. விடைபெறும் நாளிலும் ஒரு கை வேண்டும். இடைப்பட்ட சில ஆண்டுகளில் மட்டுமே ‘நான் எவரையும் சாராதவன்’ என்னும் மயக்கம் நமக்கு. அம்மயக்கம் தெளிந்தவர்களுக்குக் கொடுப்பதிலும் கர்வம் இல்லை. பெறுவதிலும் கூச்சம் இல்லை.

கட்டிலில் கிடப்பவராகவும் கட்டிலருகே நிற்பவராகவும் விளங்கும் இறைவன், இருவரையும் ஒரே பந்தியில் அமரவைத்து உண்ணும் பேற்றினை நமக்கு அருள்வானாக.