யாபேஸ்: துயரில் பிறந்த பெயர்

சென்ற ஆண்டு இத்தீவில் நாம் கலந்துகொண்ட பெயர்சூட்டு விழா ஒன்றில் ஆண் குழந்தைக்கு 'யாபேஸ்' என்று பெயரிட்டனர். விருந்து முடிந்து வெற்றிலைத் தட்டு சுற்றிவந்த வேளையில், குழந்தையின் கொள்ளுப்பாட்டியார் அப்பெயருக்குப் பொருள் என்னவென்று வினவினார். "துக்கம், பாட்டி" என்று எவரோ சொல்லிவிட்டார். பாட்டியாரின் முகம் சுருங்கிற்று. "நல்ல நாளும் அதுவுமாகப் பிள்ளைக்கு வேறு பேரா கிடைக்கவில்லை?" என்று அவர் கேட்டதற்கு அன்று ஒருவரும் விடை கூறவில்லை. அவ்விடையைத் தேடியே ஈண்டுச் சில எழுதுகிறோம்.

குழந்தையின் தாய் கச்சால் தீவில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கைத் தோட்டங்களை விட்டுப் பெயர்ந்த தமிழருள் ஒரு பகுதியினர் அத்தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டமை நம்மவர் அறிந்ததே. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கச்சாலைச் சூறையாடியபோது அவர் சிறுமி. அன்று யார் யாரை இழந்தார் என்பதை அவர் சொல்வதில்லை, நாமும் கேட்டதில்லை. மகனுக்கு இட்ட பெயரில்தான் அது வெளிப்பட்டது.

விவிலியத்தில் முதலாம் நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களும் பெரும்பாலும் தலைமுறைப் பட்டியல்களே. படிப்பவர் கண் அயரும் இடம் அது என்றால் கிறித்தவ அன்பர்கள் பொறுத்தருள்க. நான்காம் அதிகாரத்தின் 9, 10 ஆம் வசனங்களில் மட்டும் பட்டியல் சற்றே நின்று, யாபேஸ் என்னும் ஒருவனைப் பற்றிப் பேசுகிறது. தந்தையின் பெயர் அங்கில்லை. துயரத்தோடு பெற்றமையால் தாய் அப்பெயரை இட்டாள், அவன் உடன்பிறந்தாரினும் மதிப்புப் பெற்றான், இறைவனிடம் ஒன்று வேண்டினான், வேண்டியது கிடைத்தது. இவ்வளவு சொல்லிப் பட்டியல் மீண்டும் தொடர்கிறது. இரண்டாம் அதிகாரத்தில் அதே பெயருடைய ஓர் ஊரும் வருகிறது. எழுத்தர் குடிகள் வாழ்ந்த ஊராம்.

எபிரேயத்தில் துயரத்தைக் குறிக்கும் சொல் 'ஓத்செப்'. ஆதியாகமத்தில் ஏவாளுக்கு உரைக்கப்பட்ட மகப்பேற்று வேதனையும் இவ்வேரிலிருந்து வந்த சொல்லாலேயே குறிக்கப்படுகிறது. யாபேஸ் என்ற பெயரிலோ, அவ்வேரின் கடைசி இரண்டு எழுத்துகள் முன்பின்னாக மாறி நிற்கின்றன. தன் துயரத்தை அப்படியே பிள்ளையின் தலையில் ஏற்ற மனம் வராமல், அத்தாய் எழுத்தைச் சிறிது கலைத்துவிட்டாளோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு. இலக்கணத்தார் இதனை ஏற்காமற் போகலாம், தாய்மார் ஏற்பர்.

நம் தமிழகத்திலும் இத்தகைய பெயர்கள் இல்லாமற் போகவில்லை. அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், பின்னர்ப் பிறந்ததைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்றாள்; தவிட்டுக்கு விற்று மீட்டாள்; பிச்சை என்று பெயரிட்டு எமன் கண்ணுக்கு மறைத்தாள். கேட்பதற்கு இழிவாகத் தோன்றும் அப்பெயர்களின் உள்ளே இருப்பது அன்பே. (விழாவில் வினவிய பாட்டியாரின் பெயரும் அவ்வகையைச் சேர்ந்ததுதான், அதனை அன்று அவருக்கு நினைவூட்டும் துணிவு நமக்கில்லை.) 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்று பெண்மக்களுக்கு இடும் பெயர்களோ வேறு வகை. அவற்றிலுள்ள வலி பெற்றோருடையது. அதனை ஆயுள் முழுதும் சுமப்பது பெண். பள்ளியில் பெயர் கூப்பிடும் ஒவ்வொரு நாளும் 'வேண்டாம்' என்று கேட்டு 'உள்ளேன் ஐயா' என எழுந்து நிற்கும் சிறுமியை எண்ணிப் பாருங்கள்! யாபேஸின் தாய் பிள்ளையை வெறுக்கவில்லை, மறைக்கவுமில்லை. தான் பட்டதைச் சொன்னாள். அந்த அளவில் அவளைக் குறைகூற நாம் ஒருப்படோம்.

இம்மண்ணின் மூத்த குடியினரான பெரிய அந்தமானியரின் வழக்கம் முற்றிலும் வேறு. அவர்களிடையே குழந்தைக்குப் பெயர் அது பிறப்பதற்கு முன்னரே இடப்பட்டது என்றும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பெயர் பொருந்தியது என்றும், பருவமெய்திய பெண்ணுக்கு அப்போது பூத்திருக்கும் மரத்தின் பெயர் முன்னே சேர்க்கப்பட்டது என்றும் 1880களில் இ. எச். மேன் பதிவு செய்துள்ளார். பேற்றுவலி தொடங்குமுன்பே வைத்துவிட்ட பெயரில் வலியின் சாயல் எங்ஙனம் படியும்?

இனி அவ்வேண்டுதல். தன்னை ஆசீர்வதிக்குமாறும், தன் எல்லையைப் பெரிதாக்குமாறும், தன்னோடிருந்து தீங்கினின்று காக்குமாறும் யாபேஸ் கேட்டான். இவற்றுள் உலகம் பற்றிக்கொண்டது எல்லை பெருகும் பகுதியையே. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கரான புரூஸ் வில்கின்சன் இவ்வேண்டுதலைப் பற்றி எழுதிய சிறு நூல் பல இலட்சம் படிகள் விற்றது. வேண்டுதலின் கடைசிச் சொற்களைப் பற்றி அத்தனை பேச்சு எழவில்லை. அச்சொற்களுக்கு எபிரேயத்தில் இரு பொருள் கொள்ளலாம். 'தீங்கு என்னை வருத்தாதிருக்கட்டும்' என்பது ஒன்று. நம்மிடையே வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதனையே கொண்டது. 'நான் பிறரை வருத்தாதிருப்பேனாக' என்பது மற்றொன்று. ஆங்கில மொழிபெயர்ப்புகளில் சில இவ்வாறு கொள்கின்றன.

இரண்டாம் பொருளைத் தீவில் இருந்துகொண்டு படிக்கும்போது மனம் நிலைகொள்வதில்லை. நாமும் எல்லை விரிய வேண்டி வந்தவர்களே. தகரப் பெட்டியோடு கப்பலேறி, நாட்கணக்கில் கடலைக் கடந்து, சிறு வேலையோ ஒரு கடையோ கிடைக்கும் என்று வந்தோம். பலருக்கு அது கிடைத்தது. ஆனால் தீவின் நிலம் பெருகுவதில்லை. ஒருவர் எல்லை விரிந்த இடம், முன்னர் மற்றொருவர் காடாக இருந்தது. 1858 மார்ச்சில் ஆங்கிலேயர் கைதிகளைக் கொணர்ந்து குடியேற்றம் தொடங்கியபோது ஆயிரக்கணக்கில் வாழ்ந்த பெரிய அந்தமானியர், 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். நோய்களே அவர்களுள் மிகப் பலரைக் கொண்டன. அவர்தம் மொழிகளுள் ஒன்றான 'போ'வைப் பேசிய கடைசி மூதாட்டி போவா, 2010இல் மறைந்தார். பூத்த மரத்தின் பெயரைப் பெண்ணுக்குச் சூட்டிய வழக்கம் என்னவாயிற்று என்று கேட்க இனி எத்தனை பேர்?

அப்பழிக்கு நாம் மட்டும் பொறுப்பென்பது மிகை. நமக்குப் பங்கே இல்லை என்பதும் பொய். ஜாரவாக்களின் காட்டை 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் காப்பு ஒழுங்குவிதி காத்து நிற்க, அதனூடே அந்தமான் பெருஞ்சாலை போடப்பட்டது. அதன் ஒரு பகுதியை மூடுமாறு 2002இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின்னும் போக்குவரத்து நின்றபாடில்லை. அவ்வழியே மாயாபந்தருக்கும் திக்லிப்பூருக்கும் நாமும் சென்று வருகிறோம். செல்லும் நாளில் யாபேஸின் இரண்டாம் பொருள் நம் நினைவில் இருந்ததுண்டா? பேருந்தில் இடம் கிடைக்குமா என்ற கவலையே பெரிதாக இருந்தது.

சில திங்கள் கழித்து அப்பாட்டியாரைக் கண்டு இவற்றையெல்லாம் கூறினோம். எல்லை, எபிரேயம் ஆகியவற்றை அவர் பொருட்படுத்தவில்லை. கச்சாலில் நிகழ்ந்ததை எண்ணித் தாய் அப்பெயரை இட்டாள் என்றபோது மட்டும் நெடுநேரம் பேசாதிருந்தார்.

"அவள் அழுது நான் பார்த்ததே இல்லை, தம்பி" என்றார் பிறகு. உள்ளறையில் குழந்தை விழித்து அழுதது. "யாபேசு, இதோ வந்தேன்" என்று எழுந்து போனார். அதுவரை அவர் அவனை 'ராசா' என்றே அழைத்து வந்திருந்தார்.