தராசின் மறுதட்டு

லண்டனில் ஒரு பேரங்காடி. தேயிலைப் பெட்டிகள் அடுக்கிய வரிசையில் நிற்கிறோம். பெட்டிகளின் மூலையில் நகத்தளவு சின்னங்கள். ஒன்றில் பச்சைத் தவளை, இன்னொன்றில் கறுப்புச் சதுரத்துக்குள் கையுயர்த்திய ஓர் உருவம். சின்னம் உள்ள பெட்டியாகப் பார்த்துக் கூடையில் போடுகிறோம். போடும்போது மனசுக்குள் ஏதோ ஒன்று இலேசாகிறது. தேயிலைக்குக் கொடுத்த காசில் அந்த இலேசுக்கான விலையும் அடக்கம்.

அதைப் பழிப்பதற்கில்லை. தெருமுனைக் கடையில் முகம் பார்த்து வாங்கினோம். கடல் கடந்து எங்கோ ஒரு சரிவில் பறித்த கொழுந்தை எந்த முகத்தைப் பார்த்து நம்புவது? முகம் இருந்த இடத்தில் முத்திரை வந்து உட்கார்ந்துகொண்டது. நம்மால் போய்ப் பார்க்க முடியாததை நமக்காக யாரோ போய்ப் பார்த்துவிட்டார் என்பதுதான் அது தரும் வாக்கு. பார்த்தவர் யார், அவருக்குக் கூலி கொடுத்தவர் யார், பார்க்கப்பட்டவர் வாய்திறந்து என்ன சொன்னார் என்பதற்கெல்லாம் நகத்தளவில் இடமில்லை.

கையுயர்த்திய உருவம் தாங்கிய முத்திரை பிறந்த விதம் நினைத்துப் பார்க்கத் தக்கது. மெக்சிகோவின் ஓஹாகா மலைகளில் காப்பி பயிரிட்ட சிறு உழவர்கள், தங்களுக்கு உதவிவந்த நெதர்லாந்துக்காரர்களிடம் சொன்னதன் சாரம் இதுதான்: நன்கொடைக்கு நன்றி, ஆனால் எங்கள் காப்பிக்கு நியாயமான விலை கிடைத்தால் நாங்கள் கையேந்தவே வேண்டியிராதே. அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக 1988இல் 'மாக்ஸ் ஹவலார்' முத்திரை நெதர்லாந்தில் வந்தது. ஜாவாவின் குடியானவர்களைக் கசக்கிப் பிழிந்த டச்சு ஆட்சியை அம்பலப்படுத்திய 1860ஆம் ஆண்டு நாவலின் நாயகன் பெயர் அது. பிரிட்டனில் ஃபேர்டிரேட் முத்திரையோடு பண்டங்கள் வரத் தொடங்கியது 1994இல். இரக்கத்தைப் பணிவாக மறுத்த ஒரு தன்மானமே இத்தனைக்கும் வித்து.

அந்த வித்துக்கு என்ன ஆயிற்று என்பதை 2017 காட்டியது. அப்போது உலகிலேயே மிக அதிகமாக ஃபேர்டிரேட் பண்டங்களை விற்றுவந்த பிரிட்டன் பேரங்காடி நிறுவனமான செயின்ஸ்பரி, தன் சொந்தப் பெயரில் விற்கும் தேயிலையிலிருந்து அந்த முத்திரையை எடுத்துவிட்டு, 'ஃபேர்லி டிரேடட்' என்று தானே ஒரு சொல்லை ஒட்டிக்கொண்டது. உற்பத்தியாளருக்குப் போகும் கூடுதல் தொகை நிற்காது என்றும் சொன்னது. மாறியது ஒன்றுதான். பழைய ஏற்பாட்டில் அந்தத் தொகை உழவரும் தொழிலாளரும் தேர்ந்தெடுத்த குழுவின் கைக்குப் போகும், கிணறா பள்ளிக்கூடமா என்று அவர்களே கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். புதிய ஏற்பாட்டில் அது நிறுவனத்தின் அறக்கட்டளையிடம் இருக்கும், வேண்டியவர்கள் விண்ணப்பம் போட வேண்டும். ஆப்பிரிக்கத் தேயிலை உற்பத்தியாளர்கள் எதிர்த்தார்கள். தள்ளி நின்று பார்ப்பவருக்கு இது கணக்கு வழக்குச் சச்சரவாகத் தோன்றும். பணம் அதே பணம், கிணறும் அதே கிணறு. ஆனால் தன் கிணற்றைத் தானே தீர்மானிப்பவரும், கிணறு கேட்டு மனு எழுதுபவரும் ஒருவராக இருக்க முடியாது.

நாம் ஈகையை அறத்தின் உச்சியாகவே கருதிப் பழகியவர்கள். அதனால்தானோ என்னவோ, பெருநிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்றதும் நமக்குப் பள்ளிக் கழிப்பறையும் மரக்கன்றும் மருத்துவ முகாமும் நினைவுக்கு வருகின்றன. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டமும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவிடச் சொல்கிறது. நல்ல சட்டந்தான். லாபம் எப்படி வந்தது என்ற கேள்வி அந்தப் பிரிவின் வேலையல்ல. பட்டினப்பாலையோ காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலையைச் சொல்ல வரும்போது, வாங்குகையில் மிகுதியாக எடுக்காததையும் விற்கையில் குறைத்துக் கொடுக்காததையும் முன்னே வைக்கிறது. எடுக்கும்போதே சரியாக எடுத்திருந்தால் பின்னால் கொடுக்க வேண்டிய தேவை பாதியாகக் குறையும் என்பதையும், கொடுப்பவரின் பெருமை எப்போதும் வாங்குபவரின் நாவை ஓரளவு கட்டிவிடும் என்பதையும், கட்டப்பட்ட அந்த நாவிலிருந்து உண்மை வெளிவராது என்பதையும், உண்மை வெளிவராத இடத்தில் எந்த முத்திரையும் வெறும் மையாகிவிடும் என்பதையும் சேர்த்து எண்ணினால், வலியவர் எவ்வளவு தருகிறார் என்பதைவிட எளியவர் எவ்வளவு கேட்க முடிகிறது என்பதே வணிக அறத்துக்கு அளவுகோல் என்ற இடத்துக்கு நாம் வந்து சேர்கிறோம்.

கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை இதற்கு ஒரு கொடிய சாட்சி. 2012 செப்டம்பர் 11 அன்று அங்கே பற்றிய தீயில் 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சன்னல்களில் கம்பி, வெளியேறும் கதவுகளில் பூட்டு. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தொழிலாளர் நலனுக்கான எஸ்ஏ 8000 சான்றிதழ் அந்தக் கட்டடத்துக்குக் கிடைத்திருந்தது. தீ எப்படி மூண்டது என்பது தனி வழக்கு. கதவு பூட்டியிருக்கும் என்பது உள்ளே தைத்துக்கொண்டிருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தவர்களின் வார்த்தைக்குச் சான்றிதழில் ஒரு கட்டம் இல்லாமல் போயிற்று.

மறுபடி தேயிலைக்கு வருவோம். இலங்கை மலையகத்தில் முத்திரை பெற்ற தோட்டங்கள் பல உண்டு. அங்கே நாள்கூலி 1000 ரூபாய் என்பதே ஆண்டுக்கணக்கான போராட்டத்துக்குப் பின் 2021இல்தான் நடைமுறைக்கு வந்தது. கூலி ஏறியதும் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவையும் ஏற்றிவிட்டார்கள் என்று தொழிலாளர்கள் முறையிட்டார்கள். அளவு குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். சாக்குத் தராசில் ஏறும், முள் ஆடி நிற்பதற்குள் கணக்குப்பிள்ளை எழுதிவிடுவார். சாக்குக்கு இவ்வளவு, இலையில் ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிவு போகும். மழை நாளில் கழிவு கூடும். ஈரம் எவ்வளவு என்று அளக்க அங்கே கருவி எதுவும் இருக்காது, கணக்குப்பிள்ளையின் கண்தான்.

முத்திரையைப் புதுப்பிக்க ஆய்வாளர் வரும் நாளில் முதலுதவிப் பெட்டி திறந்திருக்கும், எச்சரிக்கைப் பலகைக்குப் புதுச் சாயம் பூசியிருக்கும். அதையெல்லாம் அவர் பார்க்கட்டும். பிறகு நிறுக்கிற இடத்தில் அரைமணி நேரம் நிற்கட்டும். "ஏன் ஐயா ரெண்டு கிலோ கழிச்சீங்க?" என்று வரிசையிலிருந்து யாராவது கேட்கிறாரா, கேட்டவருக்கு மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் வேலை கொடுக்கிறார்களா என்று பார்க்க.