இசையும் வேட்கையும்

இந்நாளில் பெங்களூரில் வளரும் நம் தமிழ் இளைஞர் பலர் கொரிய நாட்டுத் தொடர்நாடகங்களைக் கண்டு, அவற்றில் வரும் மென்மையான காதற்பாடல்களை மெட்ரோ ரயிலிற் செல்லும்போதும் கேட்டு மகிழ்கின்றனர். மொழி அறியாமலே கண்கலங்குவாரும் உளர். ஏக்கத்தைப் பாடும் இவ்விசையைத் தம்மநெறி நிற்போர் விரும்புதல் தகுமோ என்று நம் உபாசகர் சிலர் ஐயுறலாம்.

அட்டசீலம் காக்கும் நாளில் ஆடல் பாடல்களை விலக்குதல் விதி; அதில் ஐயமில்லை. ஏனைய நாட்களைப் பற்றியதே நம் வினா. தீக நிகாயத்தின் சக்கபஞ்ஹ சுத்தத்தில், இந்தசால குகையில் எழுந்தருளியிருந்த பகவான் முன்னிலையில் பஞ்சசிகன் என்னும் கந்தருவன் வீணை மீட்டிப் பாடுகின்றான். அது சூரியவச்சசை என்னும் மங்கைபால் அவன் கொண்ட காதலைப் பாடும் பாட்டு! பகவான் சினந்தாரில்லை. நரம்பொலியும் குரலொலியும் தம்முள் இயைந்திருந்ததைப் பாராட்டி, இப்பாட்டு எப்பொழுது இயற்றப்பட்டது என்று வினவினார். காதற்பாட்டென்றாலே முகஞ்சுளிக்கும் நண்பர்கள் இப்பகுதியை ஒருமுறை படித்தல் நன்று.

ஆயினும் இசை எங்கே நம்மைக் கொண்டு செல்கின்றது என்பதை ஆராய வேண்டும். 2016 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரியில் நிறைவுற்ற 'கோப்ளின்' நாடகத்தில் எய்லி என்பார் பாடிய பாடல் புகழ்பெற்றது. முதற்பனிபோல் உன்னிடம் வருவேன் என்பது அதன் தலைப்பின் பொருள். அக்கதையின் தலைவன் மார்பிற் பாய்ந்த வாளோடு 900 ஆண்டுகளுக்கு மேல் இறவாது வாழ்கின்றான். இறவாமை அவனுக்கு வரமன்று, தண்டனை. இறந்தோர்க்கு மறதி தரும் தேநீர் அளிக்கப்படுகின்றது. தலைவியோ அதனைப் பருக மறுத்து, காதலன் நினைவோடே மறுபிறவி எடுத்து அவனை நாடி வருகின்றாள். கி.பி. 372இலேயே புத்த தருமத்தை ஏற்ற நிலத்தில் இத்தகைய கதை பிறந்தது வியப்பன்று.

நம் மணிமேகலையும் மறவாதவளே. மணிபல்லவத்தில் புத்த பீடிகையைக் கண்டு, முற்பிறப்பில் தான் இராகுலன் மனைவி இலக்குமி என்பதையும், அவ்விராகுலனே உதயகுமரனாகப் பிறந்துள்ளான் என்பதையும் அவள் உணர்ந்தாள். அவன் வெட்டுண்டு வீழ்ந்தபோது அழுதாள். அந்நினைவைக்கொண்டே பிறவித்தொடரின் இயல்பை அறிந்து, மேலும் நடந்தாள். ஒருத்தி நினைவாற் காதலனிடம் திரும்புகின்றாள். மற்றொருத்தி நினைவால் விடுதலையை நாடுகின்றாள்.

மணிமேகலைக் காப்பியம் பன்னிரு சார்புகளை அடுக்குமிடத்து நுகர்வு, வேட்கை, பற்று என மூன்றையும் தனித்தனியே வைக்கின்றது. பொருள் விளங்காத பாட்டொன்று நெஞ்சை நனைப்பது நுகர்வு. 'எனக்கும் இத்தகைய காதல் வாய்த்தல் வேண்டும்' என்பது வேட்கை. வாய்த்த துணைவரை நாடகத் தலைவனோடு ஒப்பிட்டு மனம் வெதும்புதல் பற்று. முதலாவது நின்ற இடத்திலேயே நிற்குமாயின், அப்பாட்டைக் கேட்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ள நமக்குக் காரணம் தோன்றவில்லை. எவ்விடத்தில் இரண்டாவது தொடங்குகின்றது என்பதைக் கேட்பவரே அறிவர்; பெற்றோர் அறிதல் அரிது.