செஞ்சோற்றுக் கடனும் சான்றோர் கடனும்

ஒருவரால் உயர்வு பெற்றவன், தன்னை உயர்த்தியவர்க்கு எதுவரை கட்டுப்பட்டவன்? இவ்வினா தமிழர்க்குப் புதியதன்று. துரியோதனன் இட்ட சோற்றுக்காகக் கன்னன் உயிர் கொடுத்தான். இராவணன் வளர்த்த உடம்பை அவனுக்கே ஈந்தான் கும்பகருணன். தாம் சேர்ந்த பக்கம் வெல்லாது என்பதை அறிந்தும் களம் புகுந்தவர்கள் இவர்கள். செஞ்சோற்றுக் கடன் என்று இதனைப் போற்றுகிறோம். அக்கடனினும் பெரிய கடன் ஒன்று உண்டெனக் கருதி, உயர்த்தியவனையே எதிர்த்து நின்றார் ஒருவர். அவரே பன்னிரண்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த பேராயர் தாமஸ் பெக்கெட்.

இலண்டன் வணிகர் ஒருவரின் மகனாகிய தாமஸை, 1155ஆம் ஆண்டில் இரண்டாம் ஹென்றி மன்னன் தன் அமைச்சராக்கினான். வேட்டையிலும் விருந்திலும் இருவரும் இணைபிரியாத் தோழராய் இருந்தனர். 1162இல் கான்டர்பரிப் பேராயர் பதவியையும் அவர்க்கே அளித்தான். தோழன் தலைமைக் குருவானால் திருச்சபை தன் கைக்குள் அடங்கும் என்பது மன்னன் போட்ட கணக்கு. அக்கணக்குப் பிழைத்தது. தாமஸ் அமைச்சர் பதவியைத் துறந்தார். இனித் தம் கடமை திருச்சபைக்கே உரியது என்றார்.

குற்றம் புரிந்த குருமார்க்கும் அரசமன்றத்தின் தண்டனை உண்டு என்றான் மன்னன். அவர்களைத் திருச்சபை மன்றமே விசாரித்துப் பதவி நீக்கும். ஒரு குற்றத்திற்கு இருமுறை தண்டித்தல் முறையன்று என்றார் பேராயர். 1164இல் கிளாரண்டனில் கூடிய அவையில் அவர் ஒருமுறை இசைந்தார். பின்னர் இசைந்ததற்காக வருந்தினார். அவ்வாண்டே பிரான்சுக்குத் தப்பிச் சென்று, ஆறாண்டுகள் அயல்நாட்டில் வாழ்ந்தார். 1170ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நாடு திரும்பிய அவரை, அத்திங்கள் 29ஆம் நாள், மன்னனின் வீரர் நால்வர் பேராலயத்தினுள்ளேயே வெட்டிக் கொன்றனர். 1173இல் திருச்சபை அவரைப் புனிதர் என அறிவித்தது. 1174இல் மன்னன் வெறுங்காலுடன் நடந்து சென்று, அவர் கல்லறை முன் துறவியர் கையால் அடியேற்றான்.

உயிரினும் கொள்கையைப் பெரிதாக மதித்தவர் தாமஸ் என்பதில் ஐயமில்லை. ஆனால், அவர் காத்த கொள்கை உயிரினும் பெரியதுதானா? இதற்கு விடை காண, அதே நூற்றாண்டில் சோழநாட்டில் வாழ்ந்த மற்றோர் அமைச்சரிடம் செல்வோம்.

குன்றத்தூர்ச் சேக்கிழார், இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சராய் இருந்து பெரியபுராணம் பாடியவர் என்பது மரபு. அரசன் சோற்றை உண்டவர், அரசன் ஆணையை மறுத்த அடியவரைத் தம் காப்பியத்தில் உயர்த்திப் பாடினார். பல்லவ மன்னன் அழைத்தபோது திருநாவுக்கரசர் செல்ல மறுத்தார். நீற்றறையும் நஞ்சும் யானையும் கடலும் அவரை அசைக்கவில்லை. அதே நூலின் தொடக்கத்தில் மனுநீதிச் சோழனையும் காண்கிறோம். கன்றை இழந்த பசுவின் துயருக்காகத் தன் மகன்மீதே தேர் செலுத்தியவன் அவன். நாவுக்கரசர், அரசனுக்கும் மேலே ஓர் அறம் உண்டு என்கிறார். சோழனோ, அவ்வறத்தின் முன் தன்னவர் என எவரும் இல்லை என்கிறான்.

தாமஸ் முதற்பாடத்தில் தேர்ந்தார். இரண்டாவதில் தவறினார் என்பதே என் கருத்து. நாவுக்கரசர் தமக்கென எவ்விலக்கும் கேட்கவில்லை; வந்த துன்பத்தைத் தாமே ஏற்றார். தாமஸோ தம் குழுவினர்க்கு விலக்குக் கேட்டார். அதன் விளைவு நெடுங்காலம் நீடித்தது. பிற்காலத்தில், திருமறையின் ஒரு பகுதியை வாசித்துக் காட்டியவரெல்லாம் குருமார் போலக் கருதப்பட்டுப் பல குற்றங்களில் தூக்குத் தண்டனையிலிருந்து தப்பினர். எழுத்தறியா ஏழை தூக்கில் தொங்கினான். 1827ஆம் ஆண்டில்தான் இச்சலுகை இங்கிலாந்தில் ஒழிந்தது. கல்வி கற்றவனுக்கு ஒரு நீதி, கல்லாதவனுக்கு ஒரு நீதி என்பதை ஆசிரியராகிய நாம் எங்ஙனம் ஏற்போம்?

இது நமக்குத் தொலைவான கதையன்று. செமினி வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். தோட்ட நிருவாகம் பள்ளி நடத்திய காலத்தில் ஆசிரியர்க்குச் சம்பளம் வந்தது துரையின் அலுவலகத்திலிருந்து. அவரை நம்பி நின்றவர்களோ பால்மரம் வெட்டுவோரின் பிள்ளைகள். பிள்ளைகளை வேலைக்காட்டிற்கு அனுப்பாமல் வகுப்பில் இருத்திய ஆசிரியர், நன்றி மறந்தவர் ஆவாரா? ஆகார். சம்பளம் தந்தவர்க்கு நன்றி உண்டு. கடமையோ பிள்ளைகளுக்கே உரியது.

அதே ஆசிரியர், சக ஆசிரியர் ஒருவர் தவறு செய்யும்போது, "நம்மவர்" என்று மூடி மறைத்தால் என்னாகும்? துரைக்கு அஞ்சாத நெஞ்சம் உறவுக்கு அஞ்சிவிட்டது என்றே பொருள். பள்ளி வாரியத்திலும் கோயில் நிருவாகத்திலும் சங்கங்களிலும் இந்தச் சோதனை நாள்தோறும் வருகிறது. மேலிருப்பவரை எதிர்ப்பதற்குக் கைதட்டல் கிடைக்கும்; தன்னவரைக் கேள்வி கேட்பதற்குப் பழியே கிடைக்கும். ஆதலின் பின்னதே அரிது.

தாமஸின் அஞ்சாமையை நம் மாணவர்க்குக் கற்பிப்போம். அதனோடு, "யாருக்காக இந்த அஞ்சாமை?" என்று கேட்கவும் கற்பிப்போம். உறுதி ஒரு படைக்கலம். அது பிறர் உரிமையைக் காக்கும்போது அறமாகிறது. தன்னவர் தவற்றைக் காக்கும்போது வெறும் பிடிவாதமாகிறது.