அழைப்பும் பணியும்

இறையழைப்பு என்பது சென்று சேரவேண்டிய இடத்தைக் குறிப்பதா, செய்யவேண்டிய தொண்டைக் குறிப்பதா? சோபியா பிளாக்மோர் அம்மையாரின் வாழ்வு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

ஆஸ்திரேலியாவிற் பிறந்த அவர் சீன நாட்டில் சமயப்பணி புரியவே விரும்பினார். எனினும், 1887இல் மெதடிஸ்ட் திருச்சபையின் சார்பில் சிங்கப்பூருக்கு வந்தார். தம் பெண்மக்களுக்குக் கல்வி வேண்டுமென இங்கிருந்த தமிழ் வணிகர் கேட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதமே ஷார்ட் தெருக் கடைவீடொன்றில் ஒன்பது சிறுமியருடன் தமிழ்ப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். அதுவே பின்னர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக வளர்ந்தது.

நாடிய நாடு வேறு. நேர்ந்த பணி வேறு. நேர்ந்ததையெல்லாம் அழைப்பென்று கொண்டால், தற்செயலும் அப்பெயர் பெற்றுவிடாதா என்பர் சிலர். அவ்வையம் நியாயமானதே. ஆனால் நேர்ந்த பணி அழைப்பாவது, பிறர் தேவையைத் தம் விருப்பினும் மேலாக மதித்து அதில் நிலைத்து நிற்கும்போதுதான். அம்மையார் 1928 வரை, நாற்பதாண்டுக்கு மேலாக, இம்மண்ணில் பணியாற்றினார்.

வேறொன்றை விரும்பி, ஆசிரியப் பணிக்கு வந்து சேர்ந்தோர் நம்மிடையே பலர். வந்த காரணங்கொண்டு அவர்களை எடைபோடுதல் தகாது. எதிரே அமர்ந்த பிள்ளையின் தேவை அவர்கள் செவியில் விழுந்ததா என்பதே வினா.