பின்னணி இசை: ரசிகனின் நாணயம் பற்றி

பின்னணி இசையைத் தனியாகக் கவனித்துக் கேட்கிறவன் ஒருவகையில் ஒப்பந்தத்தை மீறியவன். பாட்டு நமக்கு முன்னால் வந்து நின்று, கேள் என்கிறது. பின்னணி இசை பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு நம்மிடம் வேலை செய்கிறது. நாம் கவனிக்காத வரையில்தான் அந்த வேலை முழுசாக நடக்கும். ஆகவே, ‘அந்த இடத்தில் அந்த வயலின் எப்படி!’ என்று ஒருவன் இன்னொருவனிடம் சொல்லும்போது இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடக்கின்றன. தான் வசப்பட்டதை அவன் ஒப்புக்கொள்கிறான். வசப்படுத்திய கையையும் காட்டிக்கொடுக்கிறான். இந்த இரண்டும் ஒரே மனசில் நாணயமாகக் குடியிருக்க முடியுமா என்பது என்னை வெகுநாளாகத் தொந்தரவு செய்துவரும் கேள்வி. நம் சிறு வட்டத்தில் கவிதையைப் பற்றிப் பேசும்போதும் இதே கேள்விதான் வேறு உடையில் வருகிறது. பின்னணி இசையில் அது மூடுதிரை இல்லாமல் தெரிகிறது, அவ்வளவுதான்.

சினிமாக்காரர்கள் இதை ரீ-ரிக்கார்டிங் என்பார்கள். பிலிம் காலத்தில் ஆயிரம் அடி ரீல் ஒன்று ஏறக்குறைய பதினோரு நிமிஷம் ஓடும். ஒவ்வொரு ரீலாகப் போட்டுப் பார்த்து, எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எங்கே சும்மா இருப்பது என்று இசையமைப்பாளன் தீர்மானிக்க வேண்டும். மூன்றாவது தீர்மானம்தான் கடினம். ஹிட்ச்காக் தம்முடைய ‘சைக்கோ’வில் (1960) குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றிருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் எழுதிக் காட்டிய பிறகு மனசை மாற்றிக்கொண்டார். மூன்று வருஷம் கழித்து ‘பறவைகள்’ படத்தில், அதே ஹெர்மனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, வழக்கமான பின்னணி இசை எதுவும் இல்லாமல் பறவைச் சத்தங்களை மட்டும் வைத்து ஒப்பேற்றினார். இங்கே 1954இல் ‘அந்த நாள்’ படத்தைப் பாட்டே இல்லாமல் எடுத்த எஸ். பாலசந்தர் வீணை வித்வான். எதை விடலாம் என்பது சங்கீதம் தெரிந்தவனுக்குத்தான் தெரியும் போலிருக்கிறது.

எங்கள் காது பழகிய விதம் வேறு. புளியறை மலையடிவாரம். மேற்கே ஆரியங்காவுக் கணவாய். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியைச் சேர்ந்திருந்த ஊர். அதன் பிறகு தமிழ்நாட்டின் கடைசி ஊர்களில் ஒன்று. சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் வைக்கும் பாட்டுகளில் பாதி தமிழ், பாதி மலையாளம். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று சாரலோடு இறங்கும்போது ரேடியோ ஒருபுறம் இரைந்துகொண்டே இருக்கும். அந்த இரைச்சலின் ஊடே ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கேட்டது ஒலிச்சித்திரம். முழுப் படத்தையும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, காட்சியில்லாமல், சத்தத்தை மட்டும் ஒலிபரப்புவார்கள். கோயில் கொடைகளிலும் கல்யாண வீடுகளிலும் கதைவசன இசைத்தட்டுகள் குழாயில் அலறும். கடையில் விற்றதெல்லாம் பாட்டும் வசனமும். பின்னணி இசைக்கென்று தனித்தட்டு வாங்கியவர் எவரையும் நான் கண்டதில்லை. அது வசனங்களுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு, இலவசமாக வந்தது.

என் பெரியம்மா ஆயுசில் தியேட்டருக்குப் போனவளல்ல. ஒலிச்சித்திரம் ஓடும்போது ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டே, “வயலின இழுக்கான் பாரு, எவளோ தாலியறுக்கப் போறா” என்பாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அழவும் மாட்டாள். சூத்திரம் அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. தெரிந்ததனால் அவள் எதையும் இழந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் சூத்திரம் தெரிந்தவர்கள் எல்லோரும் பெரியம்மாவைப் போல அப்பாவிகள் அல்லர்.

1980களின் கடைசியில் நாங்கள் நாலைந்து பேர் சாயங்காலங்களில் டீக்கடையில் கூடிச் சினிமா இசையைப் பற்றிப் பேசுவோம். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். இன்னொருவர் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கர். இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்?’ 1986இல் வந்ததுமே வாத்தியார் கேஸட் வாங்கிவிட்டார். எந்தப் படத்துக்கும் எழுதப்படாத இசை, தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்டது, வி.எஸ். நரசிம்மனின் வயலின். வாத்தியார் அதில் இரண்டு குரல்கள் ஒன்றையொன்று துரத்துவதை, ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று தொடுவதை விரலால் மேஜையில் தட்டிக் காட்டுவார். கணக்கர் கேஸட்டைக் கேட்டவரல்ல. அவர் ‘வீடு’ படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தார். பாலு மகேந்திரா 1988இல் வெளிவந்த அந்தப் படத்துக்கென்று புதிதாக இசையெழுத வைக்காமல், இந்த இசைத்தட்டிலிருந்தே எடுத்துப் பயன்படுத்தியிருந்தார். வாடகை வீட்டைக் காலி செய்யவேண்டி வந்த ஒரு பெண் சொந்தமாக வீடு கட்டப் புறப்படுகிறாள். அவளுடைய தாத்தாவாக சொக்கலிங்க பாகவதர். கட்டி முடியாத வீட்டை அவர் தனியாகப் பார்க்க வருகிறார். வீடு முடியுமுன்னே இறந்துபோகிறார்.

கணக்கரின் தகப்பனார் இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் காலமாகியிருந்தார். அஸ்திவாரம் போட்டு, ஜன்னல் மட்டத்தோடு நின்றுபோன வீட்டை விட்டுவிட்டு. அந்த வயலின்களைக் கேட்டால் பாகவதர் வருகிறார், அப்புறம் பாகவதர் போய் அப்பா வருகிறார் என்றார் கணக்கர். சொல்லும்போதே குரல் உடைந்தது.

வாத்தியார் கெட்டவரல்ல. ஆனால் உண்மை என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அதைக் கீழே வைக்கத் தெரியாதவர். “வே, அது கிழவருக்காகப் போட்டதில்லை. படம் வர்றதுக்கு ரெண்டு வருஷம் முந்தியே போட்டது. அதிலே தாத்தாவும் இல்லை, வீடும் இல்லை” என்றார். கணக்கர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ நான் அழுதது பொய்யா, சார்வாள்?” என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் டீக்கடைப் பக்கம் வரவில்லை.

இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறது: இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை. வயலின் அந்தக் கணக்கில் இல்லை. பின்னணி இசை செய்யும் காரியம், இந்த நாலில் ஒன்றுகூட இல்லாத இடத்திலும் ஐந்தாவதாகத் தான் ஒரு காரணமாகி அழவைத்துவிடுவது. நம் படங்களில் பெரும்பாலானவற்றில் நடந்தது இதுதான். காட்சி தராததை வாத்தியங்கள் ஈடுசெய்தன. அந்த மோசடியைப் பார்த்துப் பார்த்துத்தான் பெரியம்மாவுக்கு ஞானம் வந்தது. ‘வீடு’ அப்படிப்பட்ட படமல்ல. நாலு நிலைக்களனும் அதில் செங்கல் செங்கலாக இருக்கின்றன. அங்கே இசை காரணமாகவில்லை; ஏற்கெனவே இருக்கும் காரணத்துக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறது. ஆகவே கணக்கரின் கண்ணீருக்கு வயலின்காரரிடம் ரசீது கேட்கத் தேவையில்லை.

அபிநவகுப்தர் கணக்கரின் கட்சியில் நிற்கமாட்டார். தன் சொந்த சுகதுக்கத்தில் சிக்கிக் கிடப்பது ரசத்துக்கு விக்கினம் என்பது அவர் முடிபு. சோகம் என்னுடையதாகவும் இருக்கக்கூடாது, பிறத்தியானுடையதாகவும் இருக்கக்கூடாது, பொதுமையாக வேண்டும். அப்பாவை நினைத்து அழுதவன் ரசிகனல்லன், துக்கம் கேட்கப் போன இடத்தில் தன் துக்கத்தைச் சொல்லுகிறவன். இந்தக் கறார்த்தனத்தை நான் மதிக்கிறேன், ஒப்பவில்லை. பெயர் எதுவும் கலக்காத சோகம் ஒன்றை நான் எந்த மனிதனிடமும் கண்டதில்லை. அந்த இசைத்தட்டின் தலைப்பே, இதற்கு எப்படிப் பெயரிடுவது என்று கேட்கிறது. இசையமைப்பாளர் பெயரிடாமல் விட்டார். பாலு மகேந்திரா வீடு என்று பெயரிட்டார். கணக்கர் அப்பா என்று பெயரிட்டார். இரு குரல்களின் துரத்தல் என்று வாத்தியார் சொன்னதும் ஒரு பெயர்தானே? தன்னுடையது பெயரே அல்ல, பொருளேதான் என்று அவர் எண்ணிக்கொண்டதில்தான் வன்முறை இருந்தது. கணக்கரிடமும் அந்த ஆபத்து இல்லாமலில்லை. நாளைக்கு அவர் எல்லோரிடமும் இது அப்பாவைப் பற்றிய இசை என்று சொல்லத் தொடங்கலாம். கேட்கிறவன் பிறகு வேறெதையும் கேட்கமாட்டான்.

பகிர்ந்துகொள்ளப்பட்ட ரசனை தானே ஒரு பின்னணி இசையாகிவிடுகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். நண்பன் சொன்ன சொல் அடுத்த முறை நாம் கேட்கும்போது அடியில் ஓடிக்கொண்டிருக்கும். எங்கே நெகிழ வேண்டும் என்று நம்மைக் கேட்காமலே தீர்மானிக்கும். இதற்கு நான் வெகுதூரம் போகவேண்டாம், குற்றாலம் பக்கத்தில்தான் இருக்கிறது. ரசிகமணி டி.கே.சி. (1882–1954) திருநெல்வேலியில் தம் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு செய்ததை, பின்னால் குற்றாலத்தில் குடியேறியும் செய்தார். ஒரு பாட்டை எடுத்து, பாவம் தோன்றத் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்கிறவன் ‘ஆஹா’ என்கிற வரையில் விடமாட்டார். பண்டிதர்களின் உரைக்கட்டிலிருந்து கம்பனை அவிழ்த்துவிட்ட பெருமை அவருக்கு உண்டு. ஆனால் அந்தக் காது முதிர்ந்து முதிர்ந்து, தனக்கு ஒவ்வாத பாட்டுகள் கம்பனுடையவையே அல்ல, இடைச்செருகல் என்று தள்ளவும் துணிந்தது. மிகவும் நேசிக்கிற ரசனை ஒருநாள் கத்தரிக்கோலை எடுக்கிறது. ‘எழுத்து’ (1959–1970) காலத்தில் சி.சு. செல்லப்பா அலசல் விமர்சனம் என்று பிடிவாதமாக நின்றதற்கு இந்தப் பயமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அலசல்காரர்களும் கடைசியில் நம் வாத்தியாரைப் போல மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது வேறு கதை.

இன்றைக்குக் கத்தரிக்கோல் எல்லோர் கையிலும் இருக்கிறது. பி.ஜி.எம். என்ற பெயரில் படங்களிலிருந்து பின்னணித் துண்டுகளை வெட்டியெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொண்டு இளைஞர்கள் ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள். நல்லதுதான். எங்கள் தலைமுறைக்கு இலவச இணைப்பாக வந்ததை இவர்கள் தேடிப்போய் எடுக்கிறார்கள். தேசிய விருதுக்காரர்களே 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தொடர்ந்து பாட்டுக்கும் பின்னணி இசைக்கும் தனித்தனியாக விருது கொடுத்துவருகிறார்கள். அந்த வருஷம் பின்னணி இசைக்கு ‘பழசிராஜா’வுக்காக இளையராஜாவுக்குக் கிடைத்தது. ஆனால் வெட்டும்போது விழுந்துபோவது ஒன்று உண்டு. இசை தொடங்குவதற்கு முன்னால் இருந்த நாலு நிமிஷ மௌனத்தை யாரும் வெட்டியெடுத்து அனுப்புவதில்லை. ‘மயிர்க்கூச்செறிந்தது’ என்று எழுதுகிறவன் அந்த மௌனத்தின் உதவி இல்லாமல் எப்படிக் கூச்செறிந்தான் என்று நான் கேட்க விரும்புகிறேன். உடம்பில் நடந்ததைத் தீர்ப்பாகச் சொல்வது எனக்கு உவப்பில்லை. குளிர்காற்றுக்கும் மயிர்க்கூச்செறியும்.

அதற்காக வாயைப் பொத்திக்கொண்டு தனித்தனியாகக் கேட்டுச் சாகலாம் என்று நான் சொல்லவில்லை. எல்.வைத்தியநாதன் 1980களில் ‘மால்குடி டேஸ்’ தொடருக்குப் போட்ட முகப்பு மெட்டை, போட்டவர் யார் என்று தெரியாமலே ஊர் முழுக்க முனகியது. ஒருவர் முனக இன்னொருவர் தொடர்ந்து முடித்துவைப்பதைக் கண்டிருக்கிறேன். அதில் அபிப்பிராயம் ஒன்றுமில்லை. கேட்டதையே திருப்பிக் கொடுக்கிறார்கள். பகிர்தலில் எனக்குக் குறையொன்றும் தோன்றாத வகை அது ஒன்றுதான். மற்றபடி, பேசுகிறவன் தான் கேட்டது எது, கொண்டுபோய் வைத்தது எது என்று தன் வாயாலேயே பிரித்துச் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். முடியாத எதிர்பார்ப்பு என்பார்கள். கணக்கர் பிரித்துத்தான் சொன்னார். ‘பாகவதர் போய் அப்பா வருகிறார்’ என்றாரே, அந்தப் ‘போய்’ என்ற சொல்லைவிட நாணயமான விமர்சனம் எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை.

கணக்கர் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். ஜன்னல் மட்டத்தில் நின்ற வீடு எழும்பி, அதில்தான் இருக்கிறார். சென்ற ஆடியில் போயிருந்தபோது பேரன் கைபேசியில் ஏதோ தேடிக்கொண்டிருந்தான். கணக்கர் அவனிடம் இசைத்தட்டின் பெயரை மட்டும் சொன்னார். அவன் எடுத்துப் போட்டான். படத்தைப் பற்றியோ அவருடைய அப்பாவைப் பற்றியோ நாங்கள் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பையன் ஒரு உருப்படி முழுவதையும் கேட்டான். வெளியே சாரல், எஸ் வளைவில் லாரி ஒன்று கியர் மாற்றும் சத்தம் நடுவில் புகுந்தது. முடிந்ததும் பையன் தலையைத் தூக்கி, “தாத்தா, இது எந்தப் படத்துல வருது?” என்று கேட்டான். கணக்கர் என்னைப் பார்த்தார். “நீங்களே சொல்லுங்க” என்றேன். “அடுத்ததப் போடுலே, பொறவு சொல்லுதேன்” என்றார்.