பொறுத்துக்கோங்க

இருபத்தாறு ஆண்டுகள், இதயத்துக்குள் குழாய் விட்டுப் படமெடுக்கும் கேத் லேபில் நர்ஸாக இருந்தேன். அங்கே நான் அதிகம் சொன்ன சொற்கள் இரண்டு: "இருமுங்க", "பொறுத்துக்கோங்க". முதல் சொல்லில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. இரண்டாவதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது என்ற கேள்விதான் ஓய்வுபெற்ற பிறகும் விடவில்லை.

இருமலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1958 அக்டோபர் 30, அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக். டாக்டர் மேசன் சோன்ஸ் ஓர் இளைஞரின் பெருந்தமனியில், எக்ஸ்ரேயில் தெரியும் டையைச் செலுத்தும்போது, குழாயின் நுனி நழுவி வலது இதயத் தமனிக்குள் புகுந்துவிட்டது. டை அங்கே பாய்ந்ததும் இதயம் நின்றது. சோன்ஸ் அவரை இருமச் சொன்னார். இருமினார், இதயம் மறுபடி அடித்தது. இதயத் தமனிகளை நேரடியாகப் படமெடுக்கும் ஆஞ்சியோ அந்தப் பிசகிலிருந்து வந்தது. எங்கள் காலத்திலும் டை போனதும் மானிட்டரில் துடிப்பு மந்தமாகும். "நல்லா இருமுங்க" என்போம். இருமல் தமனியில் தேங்கிய டையைத் தள்ளிவிடும்.

நாங்கள் அப்போது செலுத்திய பழைய டை ஒரு வகை உப்பு. எக்ஸ்ரேயை மறிக்கும் அயோடின் அணுக்கள் மூலக்கூறுக்கு மூன்று. ஆனால் கரைந்தால் அது இரண்டு துகளாகப் பிரியும். படம் தெளிவாக விழும் அளவுக்கு அயோடின் சேர்த்தால், கரைசல் இரத்தத்தைவிட ஐந்து மடங்குக்கும் மேல் செறிவாகிவிடும். மாவடுவில் உப்பைப் போட்டால் நீர் விட்டுச் சுருங்குகிறதே, அப்படித்தான் உயிரணுக்களிலிருந்து நீரை இழுக்கும். இரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். இதயத் தசை தளரும். சிலருக்குத் துடிப்பே தாறுமாறாகும்.

இவற்றின் விளைவு மானிட்டரில் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. இதய அறைக்குள் மொத்தமாக டை செலுத்தும்போது உடம்பெங்கும் தீப்பிடித்தாற்போல் சூடு ஓடும், அடிவயிற்றில் சிறுநீர் போய்விட்டது போலிருக்கும். ஒரு பாட்டி, எழுபது வயதிருக்கும், மேசையிலேயே அழுதார். "பொறுத்துக்கோங்க பாட்டி" என்றேன். வெளியே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, "துணிய நனச்சுட்டேனா தாயி?" என்றார். துணி காய்ந்தே இருந்தது. அவர் அழுதது சூட்டுக்காக இல்லை, வெட்கத்தில். ஆண்கள் நிறைந்த அறையில் அந்த வெட்கத்தையும் சேர்த்துத்தான் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

தவத்துக்குத் திருக்குறள் இரண்டு கூறு சொல்கிறது: தனக்கு வந்த துன்பத்தைத் தாங்குவது, பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருப்பது. முதல் பாதியை நோயாளியிடம் கொடுத்துவிட்டோம். இரண்டாம் பாதி எங்களுடையது; அதை எடுத்துக்கொள்ள ஆளில்லை. பொறுமை ஒருவர் தானாக ஏற்றால்தான் தவம். மேசையில் படுக்கவைத்து அடுத்தவரிடம் கேட்டு வாங்குவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

அந்த இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டவர் ஒருவர் இருந்தார். ஸ்வீடனின் மால்மோ நகரத்துக் கதிரியக்க மருத்துவர் டார்ஸ்டன் ஆல்மேன். படமெடுக்கும்போது நோயாளிகள் வலியில் துடிப்பதை அவர் வழக்கம் என்று விட்டுவிடவில்லை. செறிவுதான் காரணமென்றால், பிரியாத மூலக்கூறு செய்தால் என்ன என்று கேட்டார். 1969இல் அதை எழுதி வெளியிட்டார். நார்வே நிறுவனம் ஒன்று அவரோடு சேர்ந்து செய்து காட்டியது. பின்னால் வந்த அயோடிக்சனால் என்ற டை இரத்தத்தின் செறிவையே ஒத்தது. ஒவ்வாமை பற்றியும் சிறுநீரகம் பற்றியும் இன்றும் கவனம் வேண்டும். ஆனால் இதயம் அன்றுபோல் மிரள்வதில்லை.

எங்களிடம் புது டை வந்தபோது விலை பல மடங்கு. ரொம்ப மோசமான இதயத்துக்கு மட்டும் என்று அலமாரியில் வைத்திருந்தோம். அந்த முடிவு என் கையில் இல்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லிவைப்பது என் கையில்தான் இருந்தது, அதற்குக் காசும் ஆகாது. ஒன்பது ஆண்டுகள் அதைச் செய்யாமலே இருந்திருக்கிறேன்.

அந்தப் பாட்டி அழுத மறுநாளிலிருந்து ஒவ்வொருவர் காதருகிலும் குனிந்தேன். "இப்போ உடம்பெல்லாம் சுடும். ஒண்ணுக்குப் போன மாதிரி இருக்கும், போயிருக்காது. மெதுவா எண்ணுங்க, அடங்கிடும்." சிலர் கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே எண்ணுவார்கள். நானும் கூடவே எண்ணுவேன்.